எந்த அம்சத்தை முன்னால் நிறுத்துவது?

ஆண்டுதோறும், பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் புதிய பதிப்பு வெளியாகும். அதோடு இரண்டு ஆவணங்களும் வரும். ஒன்று, வெளியீட்டுக் குறிப்புகள். அந்த ஓராண்டில் நடந்த மாற்றங்கள், பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கு மேல், வகை பிரித்து அதில் அடுக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, பத்திரிகைகளுக்கும் பொதுவாசகர்களுக்கும் போகிற செய்திக்குறிப்பு. அது இரண்டு பக்கம் வந்தாலே அதிகம். அதில் ஐந்தாறு விஷயங்களைத்தான் விரித்துச் சொல்ல முடியும். முதல் பத்தியில் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் இடம் கிடையாது.

நூற்றுக்கு மேற்பட்டதிலிருந்து அந்த மூன்றைப் பொறுக்குவது எப்படி? கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு நிர்வாகி இந்த ஆண்டே புதிய பதிப்புக்கு மாறுவதா, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வதா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்தைப் படித்துத்தான். வெளியீட்டுக் குறிப்புகளை முழுதாகப் படிக்கிறவர்கள் மிகச் சிலர். ஆகவே எதை முன்னால் நிறுத்துகிறார்கள் என்பது, எத்தனை பேர் எதை நம்பி எப்போது மாறுகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

போஸ்ட்கிரெஸ் 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1996-ல் இன்றைய பெயரான போஸ்ட்கிரெஸ்கியூஎல் வந்தது. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை. அதனால் அதற்கென்று ஒரு விற்பனைத் துறையும் இல்லை. ஆரக்கிள் போன்ற நிறுவனம் எதை விளம்பரப்படுத்துவது என்று முடிவு செய்யும்போது, எது அதிகம் உரிமக் கட்டணம் கொண்டுவரும் என்ற கணக்கு கையில் இருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு அந்த அளவுகோல் கிடையாது. தன்னார்வலர்கள் கூடிப் பேசி வரைவு எழுதுகிறார்கள். டெவலப்பர்கள் அதில் தகவல் பிழை பார்க்கிறார்கள். பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணுக்கு முக்கியமாகப் படுவதை முன்வைப்பார்கள். ஓராண்டு முழுக்க உழைத்து ஒரு வசதியை எழுதியவருக்கு அதுதான் அந்தப் பதிப்பின் உயிர்நாடி. அவர் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் வாசகருக்கு அது அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கையில் இருப்பதை மட்டும்

முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் கதவு சாத்தப்படும். அதற்குமேல் புதிய வசதி எதையும் சேர்ப்பதில்லை. மே மாதம் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. கோடை முழுக்கச் சோதனை, பிழைதிருத்தம். செப்டம்பரில் இறுதிப் பதிப்பு. ஏப்ரலில் உள்ளே வந்துவிட்டதாலேயே ஒரு வசதி செப்டம்பர்வரை நிலைக்கும் என்று சொல்ல முடியாது.

மெர்ஜ் என்ற கட்டளையின் கதை நல்ல உதாரணம். ஒரு அட்டவணையை இன்னொன்றோடு ஒப்பிட்டு, இருப்பதை மாற்றி, இல்லாததைச் சேர்த்து, வேண்டாததை நீக்குவதை ஒரே கட்டளையில் செய்வது அது. பிற தரவுத்தளங்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் தேடும் வசதிகளில் ஒன்று. 2018-ல் 11-ஆம் பதிப்புக்காக அது சேர்க்கப்பட்டது. வடிவமைப்பைப் பற்றி மூத்த டெவலப்பர்கள் கடுமையான ஆட்சேபங்களை எழுப்பியதும் சில வாரங்களுக்குள் திரும்ப எடுக்கப்பட்டது. மறுபடி எழுதப்பட்டு 2022-ல் 15-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதே 15-ஆம் பதிப்பில், தரவுத்தளக் கேள்விமொழியான எஸ்கியூஎல்லின் தரநிலை சொல்லும், ஜேசான் என்ற ஆவண வடிவத்தைக் கையாளும் வசதிகள் பீட்டாவரை இருந்தன. வெளியீடு நெருங்கியபோது நீக்கப்பட்டன. அவற்றில் முக்கியமான ஜேசான் டேபிள் 2024-ல் 17-ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தது. கால எல்லையோடு கூடிய முதன்மைச் சாவி, அதாவது ஒரே அறையை ஒரே நேரத்தில் இருவருக்குப் பதிவு செய்ய விடாமல் தரவுத்தளமே தடுக்கும் வசதி, 17-க்குள் வந்து, 2024 மே மாதம் வெளியேறி, 18-ல் திரும்பி வந்தது.

இப்படித் திரும்ப எடுப்பது அந்தத் திட்டத்தின் பலம் என்றே நான் கருதுகிறேன். வியாபார நிறுவனமாக இருந்தால், விளம்பரம் போய்விட்டது, வாடிக்கையாளரிடம் சொல்லியாகிவிட்டது என்று அரைகுறையாகவாவது உள்ளே வைத்திருப்பார்கள். எனவே விளம்பரம் எழுதுகிறவருக்கு முதல் விதி இதிலிருந்தே பிறக்கிறது: பீட்டாவைத் தாண்டி நிற்கும் என்று உறுதியாகும்வரை எந்த வசதியையும் தலைப்பில் வைக்கக் கூடாது. மே மாதம் பேசிவிட்டால் ஆகஸ்டில் அதைத் திரும்ப எடுக்க டெவலப்பர்களுக்குத் தயக்கம் வரும். தரவுத்தளத்தில் அந்தத் தயக்கம் ஆபத்தானது.

நேற்று முடியாதது இன்று முடிகிறதா?

நிலைத்து நின்றவற்றில் எதை முன்னால் வைப்பது? என் கணக்கில் முதல் கேள்வி இதுதான்: நேற்றுவரை இந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்த ஒருவர், இந்த வசதியால் இன்று அதைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பு இதற்குத் தெளிவாக ஆம் என்றது. அதற்குமுன் விண்டோஸ் கணினியில் போஸ்ட்கிரெஸை ஓட்ட யூனிக்ஸ் போன்ற ஒரு சூழலை இடையில் நிறுவ வேண்டியிருந்தது. 8.0-லிருந்து நேரடியாக ஓடியது. தரவுத்தளத்தின் உள்வேலையை வைத்துப் பார்த்தால் அதே பதிப்பில் வந்த குறிப்பிட்ட நேரத்துக்குத் தரவை மீட்கும் வசதி ஆழமானது. ஆனால் அலுவலக மேசையில் விண்டோஸ் மட்டுமே வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாசலைத் திறந்தது முன்னதுதான்.

இந்தக் கேள்விக்கு மிகத் துல்லியமாகப் பொருந்துவது 2010 செப்டம்பரில் வந்த 9.0. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சர்வர் பழுதானால் இன்னொன்று உடனே பொறுப்பேற்க வேண்டும் என்றால், முதல் சர்வரில் எழுதப்படுவது அனைத்தும் இரண்டாவதுக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதை ரெப்ளிகேஷன் என்பார்கள். மைஎஸ்கியூஎல் என்ற போட்டித் தரவுத்தளத்தில் அந்த வசதி ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாகக் கூடவே இருந்தது. போஸ்ட்கிரெஸில் ஸ்லோனி போன்ற தனி மென்பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மாற்றப் பதிவுக் கோப்புகளை முடிய முடிய ஒவ்வொன்றாக அடுத்த சர்வருக்கு நகலெடுத்து அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் இரண்டாவது சர்வர் காத்துக்கொண்டு மட்டுமே இருக்கும். அதில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. பெரிய இணையதளம் கட்டுகிறவர்களில் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே போஸ்ட்கிரெஸை ஒதுக்கினார்கள். 9.0 இரண்டு குறைகளையும் ஒரே நேரத்தில் தீர்த்தது. மாற்றங்கள் நடக்க நடக்க ஓடையாக அடுத்த சர்வருக்குப் போயின. அந்தச் சர்வரில் படிக்கும் வேலைகளையும் செய்ய முடிந்தது.

அந்தப் பதிப்புக்கு முதலில் வைத்திருந்த எண் 8.5. இந்த இரண்டு வசதிகளும் உள்ளே வந்தபிறகு அதை 9.0 என்று மாற்றினார்கள். பதிப்பு எண்ணே விளம்பரமாக ஆன தருணம் அது. சரியான முடிவு என்றே சொல்வேன். "உங்களைத் தடுத்துக்கொண்டிருந்த காரணம் போய்விட்டது" என்று ஒரே எண்ணில் சொல்லிவிட்டார்கள்.

2016 ஜனவரியில் வந்த 9.5-ம் இதே வகை. ஒரு பதிவு ஏற்கெனவே இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர் என்பதை, ஒரே நேரத்தில் பலர் முயன்றாலும் பிசகாமல் செய்யும் வசதி அதில் வந்தது. அப்சர்ட் என்று டெவலப்பர்கள் சொல்வது இதைத்தான். பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கமே தேவைப்படாத அம்சம். பெயரைச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

2014 டிசம்பரில் வந்த 9.4-ல் கதை வேறு. அப்போது தொழில்நுட்ப உலகம் முழுவதும் மாங்கோடிபி போன்ற, அட்டவணை வடிவம் கேட்காத தரவுத்தளங்களைப் பற்றியே பேச்சு. ஜேசான் ஆவணங்களை இரும வடிவில் சேமித்து, அதனுள்ளே வேகமாகத் தேடும் ஜேசான்பி என்ற வகை 9.4-ல் வந்தது. காலத்தின் பேச்சோடு பொருந்திய அம்சம் என்பதால் அதை முன்னால் நிறுத்தினார்கள். அதே பதிப்பில், எந்தப் பதிவு எப்படி மாறியது என்பதை மாற்றப் பதிவிலிருந்து பிரித்தெடுக்கும், பின்னால் எத்தனையோ வசதிகளுக்கு அடித்தளமான லாஜிக்கல் டீகோடிங்கும் இருந்தது. அதன் பயன் சாதாரணப் பயனருக்கு எட்ட மூன்றாண்டு ஆயிற்று. 10-ஆம் பதிப்பில், வேண்டிய அட்டவணைகளை மட்டும் இன்னொரு சர்வருக்கு அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வந்தபிறகுதான் அந்த அடித்தளத்தின் மதிப்பு வெளியே தெரிந்தது. அஸ்திவாரம் போட்ட ஆண்டில் அஸ்திவாரத்தைக் கொண்டாடினால் வாசகருக்குப் புரியாது. இரண்டு வரி சொல்லி நகர்வதே நியாயம்.

ஜேசான்பி விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. பீட்டா வெளியானபிறகு, ஜேசான்பி தரவு சரியாகச் சுருங்காமல் இடத்தை அடைக்கிறது என்று சோதித்தவர்கள் கண்டார்கள். வட்டில் எழுதும் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. அக்டோபரில் மூன்றாவது பீட்டா வந்தது, வெளியீடு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. தலைப்புச் செய்தியாகப் போகும் அம்சம் சரியாக இல்லை என்றால் தேதியை விட்டுக்கொடுக்கலாம் என்று அவர்கள் எடுத்த முடிவால், இன்றைக்கு உலகம் முழுவதும் ஜேசான்பியில் குவிந்திருக்கும் தரவு நல்ல வடிவில் இருக்கிறது.

ஒன்றும் செய்யாமலே கிடைப்பது

இதுவரை சொன்னவை எல்லாம் பெயர் சொன்னால் கண்ணில் படுகிற அம்சங்கள். கண்ணில் படாதவைதான் தேர்வு செய்கிறவரை உண்மையில் சோதிக்கும்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவை மாற்றினால், பழையதை அது உடனே அழிக்காது. புதியதைத் தனியாக எழுதும். மாற்றம் நடக்கும் அதே நொடியில் வேறொருவர் பழைய பதிவைப் படித்துக்கொண்டிருக்கலாம், அவருடைய வேலை கெடக் கூடாது என்பதற்காக. யாருக்கும் தேவைப்படாமல் போன பழைய பதிவுகளைப் பிறகு கூட்டிப் பெருக்க வேண்டும். வேக்யூம் என்ற உள்வேலை அதைச் செய்கிறது. நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் பெரிய அட்டவணைகளில் இந்தத் துப்புரவு பின்தங்கினால், அட்டவணை வீங்கும், தேடல் மெதுவாகும், நிர்வாகிக்கு இரவுத் தூக்கம் போகும்.

இந்தத் துப்புரவை எளிதாக்கும் வேலை பதிப்புக்குப் பதிப்பு நடந்திருக்கிறது. 2008-ல் 8.3-ல், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் உள்ள அட்டவணைப் பத்திகளைத் தொடாத மாற்றமாக இருந்து, அதே சேமிப்புப் பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸில் புதிதாக எழுத வேண்டியதில்லை என்றானது. 2009-ல் 8.4-ல், காலியிடங்களைக் கணக்கு வைப்பதற்கு நிர்வாகி ஊகித்துக் கொடுக்க வேண்டியிருந்த எண்களே இல்லாமல் போயின. 2020-ல் 13-ல், இண்டெக்ஸில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப எழுதப்படுவது குறைந்து இண்டெக்ஸ்கள் சிறுத்தன. 2024-ல் 17-ல், வேக்யூமின் உள் நினைவக அமைப்பை மாற்றி எழுதினார்கள். 20 மடங்குவரை குறைந்த நினைவகம் போதும் என்று செய்திக்குறிப்பு சொன்னது.

இவற்றுக்கு ஒரு பொதுவான குணம் உண்டு. பயனர் ஒரு வரி நிரல்கூட மாற்ற வேண்டாம், பதிப்பை மாற்றினால் போதும். இப்படிப்பட்டது எல்லோருக்கும் பயன்படும். ஆனால் அறிவிப்பில் இதற்குப் பின்வரிசைதான் எளிதில் கிடைக்கும், ஏனென்றால் இதைச் செய்து காட்ட ஒரு கட்டளை கிடையாது, திரையில் காட்ட ஒரு படம் கிடையாது. 17-ஆம் பதிப்பின் செய்திக்குறிப்பு வேக்யூமை முன்னணியில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. வேக்யூம் என்ற சொல்லைக் கேட்டிராத மேலாளருக்குக்கூட "அதே சர்வரில் வேலைக்கு அதிக நினைவகம் மிஞ்சும்" என்றால் புரியும். கண்ணில் படாத அம்சத்தை எழுத இதுவே வழி: உள்ளே என்ன மாறியது என்பதைப் பிறகு சொல்லலாம், வெளியே எந்தத் தொல்லை குறைகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

சின்னஞ்சிறு அம்சங்களும் இப்படித்தான். 2018-ல் 11-ஆம் பதிப்பின் செய்திக்குறிப்பில், போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையை விட்டு வெளியேற இனி "குவிட்" என்றோ "எக்சிட்" என்றோ தட்டினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அதுவரை பின்சாய்வுக்கோடு போட்டு அதன்பின் ஓர் எழுத்து என்ற கட்டளையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புதியவர்கள் வெளியே வரத் தெரியாமல் தவிப்பார்கள். அதை எழுத ஆன உழைப்பு சொற்பம். அதே பதிப்பில் வந்த உடனுக்குடன் நிரல் தொகுக்கும் ஜிட் வசதிக்கு ஆன உழைப்பு மலையளவு. ஆனால் புதிதாகக் கற்க வருகிற மாணவர் முதல் நாளே சந்திப்பது முன்னதைத்தான். அதற்கு அறிவிப்பில் ஒரு வாக்கியம் கொடுத்தவர்கள் தங்கள் வாசகரை அறிந்தவர்கள். 11-ல் இன்னொரு அருமையான மாற்றமும் இருந்தது. பெரிய அட்டவணையில் இயல்பு மதிப்போடு ஒரு பத்தியைச் சேர்த்தால், முன்பு அட்டவணை முழுவதையும் திரும்ப எழுதும். அதுவரை அதை வேறு யாரும் தொட முடியாது. 11-லிருந்து பெரும்பாலான நேரங்களில் அந்தக் காத்திருப்பு இல்லை. இரவில் சேவையை நிறுத்திவைத்துப் பத்தி சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் இந்த ஒன்றுக்காகவே மாறியிருப்பார்கள்.

பாதி தூரம் வந்த அம்சம்

மிகவும் சங்கடமான தேர்வு, பெரிய அம்சம் ஒன்று வந்துவிட்டது, ஆனால் முழுமையாக வரவில்லை என்னும்போதுதான்.

2016-ன் 9.6-ல், ஒரே கேள்விக்குப் பல செயலிகள் சேர்ந்து விடை தேடும் இணைச் செயல்பாடு வந்தது. தலைப்புச் செய்தியும் அதுதான். ஆனால் நிறுவியவுடன் அது வேலை செய்யாது. அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால்தான் இயங்கும். 10-லிருந்துதான் தானாகவே இயங்கும்படி வந்தது. ஜிட் வசதியும் அப்படியே, 11-ல் அணைந்த நிலையில் வந்தது, 12-ல் இயல்பாக ஓடத் தொடங்கியது.

2017-ன் 10-ஆம் பதிப்பு பெரிய அட்டவணையைத் துண்டுகளாகப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன் வசதியை எளிய கட்டளையாக்கியது. இதையும் முன்னணியில் வைத்தார்கள். அதை நம்பி இறங்கியவர்கள் சீக்கிரமே சுவர்களைக் கண்டார்கள். மொத்த அட்டவணைக்கும் பொதுவாக ஒரு முதன்மைச் சாவி வைக்க முடியாது. எந்தத் துண்டிலும் சேராத பதிவுக்குப் பொதுத் துண்டு கிடையாது. ஒரு பதிவின் மதிப்பு மாறி அது வேறொரு துண்டுக்குப் போக வேண்டுமென்றால் பிழைச் செய்திதான் வரும். 11-ஆம் பதிப்பு இவை மூன்றையும் தீர்த்தது.

அப்படியென்றால் 10-ல் அதைச் சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு புதிய திசை தொடங்குகிறது என்று சொல்வதும் செய்தியே. பலர் முயன்று பார்த்துக் குறை சொன்னால்தான் அடுத்த பதிப்பு வளரும். ஆனால் எது இன்னும் முடியாது என்பதையும் அதே பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். "இந்த ஆண்டு இதுவரை, சாவியும் பொதுத் துண்டும் இன்னும் இல்லை" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் இல்லாததால் ஒரு நிர்வாகி ஒரு மாத வேலையை வீணாக்கினால், அடுத்த ஆண்டின் செய்திக்குறிப்பை அவர் நம்ப மாட்டார்.

எண்களுக்கும் இதே விதி. 2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் பதிப்பின் முதன்மை அம்சம், வட்டிலிருந்து தரவு வரும்வரை காத்திராமல் அடுத்தடுத்துக் கேட்டு வைத்துக்கொள்ளும் புதிய உள்ளீட்டு முறை. மூன்று மடங்குவரை வேகம் என்றார்கள். "வரை" என்ற சொல்லை வாசகர் தாண்டிவிடுவார். மூன்று மட்டும் மனத்தில் நிற்கும். இந்த வேகம் படிப்பதற்கு மட்டும், அதுவும் அட்டவணையை வரிசையாகப் படிப்பது, வேக்யூம் போன்ற சில வேலைகளில். எழுதுவதே முக்கிய வேலையாக இருக்கும் தளத்துக்கோ, தரவு முழுவதும் நினைவகத்திலேயே அடங்கிவிடும் சிறு தளத்துக்கோ பெரிய வித்தியாசம் இராது. 18-ன் அறிவிப்பு, சேமிப்பகத்திலிருந்து படிக்கும்போது என்று எல்லையைச் சேர்த்தே சொன்னது. எண்ணைச் சொல்லும் வாக்கியத்திலேயே அதன் எல்லையும் வர வேண்டும். அடிக்குறிப்புக்குத் தள்ளக் கூடாது.

கவர்ச்சியில்லாத, ஆனால் சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு வகை உண்டு: பழையதை உடைக்கும் மாற்றங்கள். 8.3-ல் எண்ணையும் தேதியையும் எழுத்தாகத் தானே மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தினார்கள். பிழை வராமல் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பழைய நிரல்கள் நின்றன. 15-ல் பொதுவான பெயர்வெளியில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற உரிமை பாதுகாப்புக்காக எடுக்கப்பட்டது. 18-ல் தரவுச் சரிபார்ப்புத் தொகை இயல்பாகவே இயங்குகிறது. அது இல்லாத பழைய தளத்தை அப்படியே மேம்படுத்த முயன்றால் இரண்டும் பொருந்தவில்லை என்று கருவி நின்றுவிடும். இவை எல்லாம் வெளியீட்டுக் குறிப்புகளில் தனித் தலைப்பில் இருக்கின்றன. செய்திக்குறிப்பிலும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிறுவனங்களின் நலனையும் பேசாமல் விட முடியாது. போஸ்ட்கிரெஸ் டெவலப்பர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கிறார்கள். தங்கள் ஊழியர் எழுதிய அம்சம் முதலில் வந்தால் அந்த நிறுவனத்துக்கு அது விளம்பரம். 2020-ல் ஈடிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரன்ட் நிறுவனத்தை வாங்கியபோது, போஸ்ட்கிரெஸ் திட்டத்தை வழிநடத்தும் ஐந்து பேர் கொண்ட மையக் குழுவில் மூவர் ஒரே நிறுவனத்தவர் ஆனார்கள். ஒரே நிறுவனத்துக்குப் பாதிக்கு மேல் இடம் கூடாது என்ற வழக்கத்தைக் காக்க, வேறு இடங்களிலிருந்து இருவரைச் சேர்த்து ஏழாக்கினார்கள். அறிவிப்பு எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். அம்சங்களின் வரிசையை, எழுதியவர் யார் என்று பார்க்காமல், பயன்படுத்துகிறவர் எத்தனை பேர், எந்தத் துறையினர் என்று பார்த்து அமைத்தால் சச்சரவு பெரும்பாலும் எழாது.

உங்கள் அம்சம் பின்பக்கத்தில் இருக்கலாம்

எவ்வளவு நியாயமாகத் தேர்ந்தெடுத்தாலும் தலைப்பில் வந்தது உங்களுக்கானதாக இருக்க வேண்டும் என்றில்லை. தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்க போஸ்ட்கிரெஸ் வெகுகாலம் இயங்குதளத்தின் நூலகத்தையே நம்பியிருந்தது. லினக்ஸின் அந்த நூலகம் 2018-ல் தன் வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியபோது, பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸ்கள் பல தரவுத்தளங்களில் தவறாகிப்போயின. இருக்கும் பதிவை இல்லை என்றன. இயங்குதளத்தைச் சாராமல், தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு விதி வைத்திருக்கும் ஐசியு நூலகத்தைப் பயன்படுத்தும் வழி அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே 10-ஆம் பதிப்பில் வந்துவிட்டது. அந்தப் பதிப்பின் முக்கிய அம்சங்கள் பட்டியலில் அது இடம்பெறவில்லை. உள்ளே வெகு கீழே ஒரு பத்தியாக இருந்தது.

அதுபோல, விளம்பரமே இல்லாத சிறு மாற்றம் கெடுதல் செய்ததும் உண்டு. சேவையை நிறுத்தாமல் இண்டெக்ஸ் கட்டும்போது வேக்யூம் தடைபடாமல் இருக்க 14-ல் ஒரு மேம்பாடு செய்தார்கள். அதில் இருந்த பிழையால் இண்டெக்ஸ்கள் சில சமயம் பதிவுகளைத் தவறவிட்டன. 2022 ஜூனில் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் 14.4 என்று அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். எந்தத் தலைப்பிலும் வராத ஒரு வரி அது.

ஆகவே செய்திக்குறிப்பைப் படித்து ஆர்வம் கொள்ளுங்கள். முடிவை வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்து எடுங்கள். முதலில் பழையதோடு பொருந்தாதவற்றின் பட்டியல், பிறகு நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் வசதிகளின் பெயர்கள், அதன்பிறகு மற்றவை. உங்கள் தரவின் நகல் ஒன்றை வைத்து, மே மாதம் பீட்டா வரும்போதே சோதித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தவறு கண்டால் தெரிவியுங்கள். ஜேசான்பியின் வடிவம் திருந்தியது அப்படிச் சோதித்தவர்களால்தான்.

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டுகள்தான் திருத்தங்கள் வரும். உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். அது 13 அல்லது அதற்கும் பழையது என்றால், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 நவம்பரிலோ அதற்கு முன்போ நின்றுவிட்டன.